பதினோரு விநாடி

முதலில் அனுப்பியவர் பால் சொசைட்டி கணக்கர்.
கால் மணி நேரத்தில் இன்னும் ஏழு பேர்.
தெருக்குழாய். சாய்த்து நிறுத்திய மொபெட்.
அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறது சிறுத்தை,
ரேஷன் நாளைக்குத்தான் என்று தெரிந்ததுபோல் நிதானமாக.
கீழே எழுதியிருந்தது:
"நம்ம வேம்பையாபுரம். இன்னைக்கு ராத்திரி.
பிள்ளைகள வெளிய விடாதீய."

ரேஞ்சர் போனில் வந்தார்.
"ஒரிஜினலா, ஏஐயா?
விடியுமுன்ன சொல்லணும் வே. மேல கேக்காங்க."

பதினெட்டு வருஷம் இந்தக் காட்டுக்குக் காவல்.
எச்சம் பார்த்திருக்கிறேன்.
நகம் கீறிய மருதமரம் பார்த்திருக்கிறேன்.
மிளா கத்துவதை வைத்துத் திசை சொல்வேன்.
கண்ணி அறுக்கப் போய் இடது கை மோதிர விரலைக்
கம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.
சிறுத்தையை நேரில் பார்த்தது இரண்டு முறை,
இரண்டு முறையும் வால்.

முழுசாக, முகத்தோடு, பதினோரு விநாடி
எனக்கு அது நடந்து காட்டியது
பாபநாசம் செக்போஸ்ட் பெஞ்சில், கைக்குள்தான்.
முதல் தடவை சந்தேகம் வரவில்லை.
ஆசை வந்தது.

ஒன்பதாம் தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
மொபெட்டின் நிழல் சுவர்ப்பக்கம்.
சிறுத்தையின் நிழல் விளக்கை நோக்கி.
மூன்றாம் விநாடியில் தோளில் உடைந்திருந்த வளையம்
ஆறாம் விநாடியில் ஒட்டிக்கொண்டது.
முன்கால் வைத்த இடத்தில் பின்கால் வைக்கும் அது;
இது இஷ்டத்துக்கு வைக்கிறது.
சுவரில் சிமெண்ட் விளம்பரம்.
தமிழ் மாதிரி இருந்தது, எழுத்துக் கூட்டினால்
ஒரு ழகரத்துக்கு இரண்டு வால்.
ஒரு நாய் குரைக்கவில்லை.
வேம்பையாபுரத்தில்!
பேங்க் மேனேஜர் வந்தாலே பதினாலு நாய் குரைக்கும் ஊர்.

"போலி" என்று தட்டி அனுப்பினேன்.
ரேஞ்சர் கட்டைவிரல் போட்டார்.
காலையில் சங்கிலிபூதத்தான் மகன் ஒத்துக்கொண்டான்,
நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தானாம், ஓசியில் வந்ததாம்.
டீக்கடையில் எனக்கு வடை வாங்கித் தந்தார்கள்.

வடை பாதியில் ஆவுடை வந்தாள்.
"எங்க கிடா ஒண்ணக் காணலை."
"ஏஐ கிடாவா இருக்கும்" என்றான் ஒருத்தன்.
கடையே சிரித்தது.
அவள் என்னைத்தான் பார்த்தாள்.
"நீங்கதான இல்லன்னு எழுதுனீய?"

படம் பொய் என்றுதான் எழுதினேன்.
சிறுத்தை இல்லை என்று எழுதவில்லை.
இரண்டும் வேறு என்பதை
அந்த ஒற்றை வார்த்தைக்குள் எங்கே வைத்திருந்தேன்?

அவள் வயக்காட்டுக்குப் பின்னால், வாய்க்கால் சேற்றில்
அறுந்த கயிறு. இழுத்த தடம்.
அப்புறம் அது.
முன்கால் பதிந்த குழிக்குள்ளேயே
பின்கால், கொஞ்சமும் பிசகாமல்.
நீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

அளவு தெரிய இடது கையை
பக்கத்தில் விரித்து வைத்துப் படம் எடுத்தேன்.
"இது நிஜம். யாரும் தனியாகப் போக வேண்டாம்"
என்று எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஒரு நிமிஷம் ஆகவில்லை.
சங்கிலிபூதத்தான் மகன் எழுதுகிறான்:
"கைய நல்லாப் பாருங்க. நாலு விரல்தான் இருக்கு.
ஏஐ."
கீழே சிரிப்புப் பொம்மைகள், வரிசையாக.
பால் சொசைட்டி கணக்கரும் சிரித்திருந்தார்.
போன மாசம்தான் அந்தக் கையில் பணம் எண்ணித் தந்தார்.

ஆவுடையிடம் போனை நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.
வீட்டுக்குப் போய்க் கோழிப் பஞ்சாரத்தைத் தூக்கி வந்து
தடத்தின்மேல் கவிழ்த்தாள்.
மேலே ஒரு கல் வைத்தாள்.
அது போதாது என்று இன்னொரு கல்.

"ஆபீசர்மாரு வாற வரைக்கும்
இது எங்கயும் போயிரக் கூடாதுல்லா."