பதினோராம் பெட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர்

முதல் புகார் கொல்லத்திலிருந்து வந்தது:
"குகைக்குள் ஓர் உலுக்கல்.
குழந்தைக்கு ஆற்றிய பால் என் மடியில்."
இரண்டாவது மலையாளத்தில்.
ஸ்டேஷன் மாஸ்டர் பீதாம்பரன்
படித்துச் சொல்வதற்குள் சிரித்துவிட்டார்:
கவிழ்ந்தது மீன்குழம்பாம்,
கவிழ்ந்த இடம் மாமியாராம்.

செங்கோட்டையில் மலையேறும் வண்டிக்கு
முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின்.
இசக்கியப்பன் இழுக்கிறவர்,
சுகதன் தள்ளுகிறவர்.
வாக்கி டாக்கியில் இவர் "போலாமா" என்பார்,
அவர் "போகாம்" என்பார்.
இரண்டு சொல்லுக்கும் நடுவே அரை நொடி.
அந்த அரை நொடிதான்
பெட்டி பெட்டியாக ஓடிவந்து
யாரோ ஒருவர் மடியில் கொட்டுகிறது.

நான் பிரம்மசக்தி,
டெக்னீஷியன் கிரேடு டூ.
சிவப்புக் கொடியை நட்டுவிட்டு
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து,
முட்டி மடக்கிக் கோத்துக்கொண்ட
இரண்டு இரும்புக் கைகளுக்குள் டார்ச் அடிப்பவள்.
கைக்குப் பின்னால் தோள்,
தோளுக்குள் டிராஃப்ட் கியர்:
ரப்பரும் தகடுமாக ஓர் அடுக்கு.
வருஷக்கணக்கில் அழுந்தி அழுந்தி
எழ மறந்துபோன ரப்பர்.
அது விட்ட இடம் இரண்டு விரல் அகலம்.

"இரண்டு விரல்" என்று
இந்த யார்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
ஐம்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு
என்று எழுதுவோம்.
பம்ப் ஹவுஸில் இருக்கிற தங்கதுரையின்
இடக்கையில் இல்லாததும் அவ்வளவுதான்.

புது கியர் மரப்பெட்டியில் வந்தது.
வரும்போதே பாதி அழுந்தி வந்தது.
"இழுத்தாலும் தள்ளினாலும்
இதற்குப் புதிதாய்த் திடுக்கிட ஒன்றுமில்லை" என்றாள்
ஜூனியர் இன்ஜினியர் ரஹ்மத் நிஷா.
திருமணமாகி மூன்று மாதம்.
எதை நினைத்துச் சொன்னாளோ,
நான் கேட்கவில்லை, ஸ்பேனரை நீட்டினேன்.

பதினான்கு பெட்டியில் பதினொன்றுக்கு மாட்டினோம்.
மீதி மூன்று செட்
எந்த குட்ஸ் ஷெட்டில் தூங்குகிறதோ.

சோதனை ஓட்டம். ஆளில்லாத வண்டி.
பதினோராம் பெட்டியில் நான்,
மடக்குப் பலகையில் விளிம்பு வரை நிரப்பிய டம்ளர்.
பகவதிபுரம் தாண்டியது.
வளைவு, சரிவு, இன்னொரு வளைவு,
தண்ணீர் சாய்ந்தது, சிந்தவில்லை.

மலையேறும்போது
முன்னிழுப்பு மெலிந்துகொண்டே வந்து
பின்தள்ளல் மெலிந்துகொண்டே போய்
நடுவில் எங்கோ ஒரு கப்ளர்
எவர் பாரமும் இல்லாமல் இருக்கும்.
நின்ற இடத்தில் நிற்பதில்லை அது,
ஐந்தாம் பெட்டியில் இருக்கும், ஒன்பதுக்கு வரும்.
எல்லைப் பலகை மட்டும்
குகை வாசலில் நட்டது நட்டபடி நனைகிறது.

குகைக்குள் உச்சி.
முன்பாதி இறங்கத் தொடங்கியது,
பின்பாதி இன்னும் ஏறுகிறது.
"சரி" என்றார் இசக்கியப்பன்.
"சரி" என்றார் சுகதன்.
இரண்டு பாஷையிலும் ஒரே சொல்,
ஆனாலும் அரை நொடி.
நான் இருட்டில் விரலால் பலகையைத் தடவினேன்.

ஒரு சொட்டு.

"ஸீரோ என்று போடவா" என்றாள் ரஹ்மத் நிஷா.
ஒரு சொட்டு என்றே போடச் சொன்னேன்.

ஆரியங்காவில் வண்டி நின்றது.
கொடி நட்டு, எஞ்சின் இரண்டும் அணைந்த பின்
குனிந்து உள்ளே போய்
கியரின் மேல் புறங்கையை வைத்தேன்.
அரை நொடி எங்கேயும் போய்விடவில்லை.
ரப்பருக்குள் இருந்தது,
வெதுவெதுவென்று,
குழந்தைக்கு ஆற்றிய பாலின் சூட்டில்.

பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்காம் பெட்டிக்காரர்களே,
மரப்பெட்டி வரும்வரை
மீன்குழம்பை இறுக்க மூடி வையுங்கள்.