பாதிக் கிளட்ச்

மூன்று முறை
அந்த மேட்டில் பின்னால் உருண்டேன்.
மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் கீழே.
ஜேபிஜே அதிகாரி தலை நிமிராமல்
‘காகால்’ என்றார்.
மலாயில் அது தோல்வி.
என் காதுக்கு
யாரோ காக்கை விரட்டிய மாதிரி.

நாற்பத்தாறு வயது எனக்கு.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அவருக்கு.
போக வரக் கிராப் காசில்
வீட்டுக்கு ஒரு வாரத்து மீன் வாங்கலாம்.
‘ஆட்டோ லைசென்ஸ் எடுத்தா என்னடி’ என்றாள்
ஃபேக்டரியில் புனிதமலர்.
கீழே நிற்பதோ
அவருடைய பழைய கஞ்சில், கியர் வண்டி.

நான்காம் முறைக்கு முந்தின இரவு
ஹேண்ட்பிரேக் போட்டபடி
எஞ்சினை முடுக்கினேன்.
செருப்பைக் கழற்றிவிட்டுக்
கிளட்சை விட்டேன், இழை இழையாக.
ஓரிடத்தில்
உள்ளங்காலில் ஒரு நடுக்கம்.

அட,
இதையா இத்தனை நாள்
என் பயம் என்று நினைத்தேன்!
வண்டி பிடித்துக்கொள்ளும் இடம் இது.
நடுங்கியதும் பதறி மிதித்து மிதித்தே
மூன்று முறை உருண்டிருக்கிறேன்.
(நானும் நடுங்கினேன்தான். அது வேறு.)

மறுநாள் தேறினேன்.
அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இன்று பாயா தெருபோங் ஏற்றத்தில் மழை.
முன்னால் லாரி.
பின்னால் பஸ், மூக்கு உரசும் தூரத்தில்.
கண்ணாடியில் பி ஸ்டிக்கர் கோணல்.
கதவுப் பிடியை விடாமல் அவர்
‘பிரேக்கு, பிரேக்கு’ என்கிறார்.

கொஞ்சம் பேசாமல் இருங்க.
காலால்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.