எட்டு ஓம்

டுலூத்தில் மூன்றாம் நாளாகப் பனி.
கடை மேசையில் ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்து
மூன்று திருகுகளைக் கழற்றிவிட்டாள் வெர்னா ஹாகன்.
நான்காவது வரமாட்டேன் என்கிறது.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் கிழிசல்,
அதன்மேல் சிவப்பு நகப்பூச்சு.
அவள் பூசியதல்ல.
அறுபத்துமூன்றில் இதை வாங்கியவர்
யாரென்றே தெரியாது.

ஆர்லோ இரண்டை எடுத்து வைக்கிறான்.
இரண்டும் எட்டு ஓம்தான்.
ஒன்று இடியைக்கூடத் தாங்கும், ஆனால் பாறைக் கனம்.
மற்றதற்குக் கொஞ்சம் ஏற்றினாலே
தொண்டை கட்டும்.

வெள்ளிக்கிழமை வாசிக்கும் மதுக்கடைக்கு
உறைந்த படிகள் பத்தொன்பது.
காதைக் கேட்கவில்லை அவள்,
இடுப்பைக் கேட்டாள்.
இலேசானதையே வாங்கினாள்.

வீட்டில்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்
முதல் கார்டு.

சுத்தமாக வந்தது.
இத்தனை வருடம்
கிழிசலின் தலையில் கட்டிய
அந்தக் கிர்ரென்ற இரைச்சல் மட்டும்
அப்படியே இருக்கிறது

மோதிர விரலுக்குக் கீழே.