கதவு பூட்டு

நேமத்தான்பட்டியில் எனக்கு இருநூற்றுப் பதினாறு மீட்டர்.
அதில் நாற்பத்து மூன்று பூட்டிய வீட்டுக்குள்.
கம்பிக்கதவு வழியாகக் கையை விட்டால்
தோள் வரைதான் போகும்.
மீட்டர் இருப்பது முகப்பின் தென்சுவரில், பத்தடி தள்ளி.

‘கதவு பூட்டு’ என்று குறித்துவிட்டு நடக்கலாம்.
எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் நடந்தார்,
மூன்று வருஷம், சராசரி போட்டே.
படம் இல்லாத ரீடிங் செல்லாது என்று
ஆசைத்தம்பி சார் கூட்டத்தில் சொன்ன மறுநாள்
என் பதினோராயிரம் ரூபாய் போனை
அந்தக் கம்பிகளுக்கு நேரே பிடித்தேன்.

முதலில் அது கம்பியைப் பார்த்தது.
துரு செதில் செதிலாக, அவ்வளவு துல்லியம்.
அடுத்து கம்பிக்கிடையில் சிலந்தி கட்டியதை,
அதில் மாட்டிச் செத்த ஈசலை.
ஜூம் செய்தால் மஞ்சள் கட்டம்
தத்தளித்து, எகிறி,
மீட்டரைத் தாண்டிப் போய்
உள்வாசல் நிலைக்கு மேலே
கடுக்கன் போட்டவர் படத்தில் உட்கார்ந்துகொண்டது.
முகம் ஒன்று கிடைத்தால் போதும் அதற்கு.
முரு.வெ.அழ. விலாசத்தின் முதல் ஆளாம்.
அவர் எத்தனை யூனிட் என்று எழுதுவது?

பஸ் வராத ஒரு மத்தியானம்
போனை நோண்டியபோதுதான் தெரிந்தது:
உள்ளே ‘புரோ’ என்றொரு பக்கம்,
அதில் ஒரு கோடு.
இந்த முனையில் பூ. அந்த முனையில் மலை.
நடுவில் எங்கே என்பது என் விரல் பாடு.
(இந்தப் பக்கம் மலை ஏது?
குன்றக்குடியில் ஒன்று உண்டு,
அதுவும் மூச்சு வாங்குவதற்குள் முடிந்துபோகும்.)

பூவிலிருந்து நகர்த்தினேன்.
கம்பி தண்ணீராய்ப் போனது.
வலை போனது, ஈசல் போனது.
இன்னும் ஒரு நூல்.
கடுக்கன்காரர் வெறும் பழுப்புக் கறையாக நிற்க
மீட்டர் வந்தது:
பூஜ்ஜியம், நாலு, நாலு, ஏழு,
எட்டா ஒன்பதா?
மூச்சை நிறுத்தி இன்னும் அரை நூல்.
ஒன்பது.

போன தடவை நாலாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.
பூட்டிய வீடு
அறுபத்தொரு யூனிட் தின்றிருக்கிறது.

வேர்த்த கட்டைவிரல் வழுக்கி மலைக்குப் போனது.

மீட்டர் கலைந்தது.
அதன் பின்னால் வாசலுக்குள் வாசல்,
வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு,
எல்லாக் கதவும் ஒரே கோட்டில் திறந்து,
எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு குழல்விளக்கு.
அதன் கீழே முதுகு காட்டி ஒருத்தி.
மோட்டார் வைத்த தையல் மெஷின்.
கொடியில் பள்ளிக்கூடச் சட்டை இரண்டு,
சின்னது ஒன்று, இன்னும் சின்னது ஒன்று.

விரல் அங்கேயே நின்றது.
அமுக்கினால் படம்.
படம் ஆசைத்தம்பி சாருக்கு, அங்கிருந்து சென்னைக்கு,
சென்னையிலிருந்து மலேசியாவில் ஒரு பங்காளிக்கு,
அவரிடமிருந்து மீதி பதினேழு பங்காளிக்கும்.

என்னிடம் கேட்டது எண்.
நூறு யூனிட் வரை காசில்லை;
அறுபத்தொன்றுக்கு பில் சைபர்.
சைபரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மலையிலிருந்து திரும்பி வந்தேன், மெதுவாக.
கொடி கரைந்தது, விளக்கு ஒரு வெள்ளைப் பொட்டானது,
மெஷின் சத்தம் மட்டும் கரையவில்லை.
எண்ணை எடுத்தேன்.
அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் போனேன்.
கம்பிக்கதவில் அதே பூட்டு.
சிலந்தி வலை இல்லை.
மீட்டர் கண்ணாடி ஈரத்துணியால் துடைத்த சுவடு,
அதன் மேல் முகப்பு விளக்கு வேறு, பட்டப்பகலில்.

போனை நீட்டினேன்.
கோட்டைத் தொடவே இல்லை.
மஞ்சள் கட்டம் நேரே போய் எண்ணில் விழுந்தது.