செக்குபந்தி

காட்பாடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
எட்டடிக்கு ஆறடி. அதுதான் என் கடை.
கிரயம், தானம், பாகப்பிரிவினை.
பலகையில் என் பெயருக்குப் பின்னால்
எபநேசர் என்று அவர் பெயரும் இருக்கிறது.

அவர் எங்கே இருக்கிறார் என்று
நான் சொல்லக்கூடாது.
கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.
ஒரு தீவு. அதுவரை சொல்லலாம்.
நடுவில் கோடு கிழித்து
ஆளுக்கொரு கொடி நட்டுக்கொண்ட தீவு.
அதன் கடலைத் துளைக்க வந்த கப்பலில்
கிரேன் ஓட்டுகிறார்.
ஓட்டவில்லை.
பத்தொன்பது நாளாகக் கொக்கி சும்மா தொங்குகிறது.

இரண்டு பக்கமும் போர்க்கப்பல்.
ரேடியோவில் ஒருத்தன், இது எங்கள் தண்ணீர், கிளம்பு என்பானாம்.
அரைமணி கழித்து இன்னொருத்தன்,
அனுமதி கொடுத்தது நாங்கள், நில் என்பானாம்.
ஒரே இடத்துக்கு ரெண்டு நம்பர்,
நம்ம ஊர் பழைய சர்வே புது சர்வே மாதிரி
என்று ராத்திரி குரல் அனுப்பியிருந்தார்.
பின்னால் காற்று.
காற்றுக்குப் பின்னால் ஓயாமல் ஓர் எந்திரம்.

நங்கூரம் கிடையாதாம்.
ஆறு விசிறி அடியில் தண்ணீரைத் தள்ளித் தள்ளி
கப்பலை ஒரே புள்ளியில் வைத்திருக்கிறதாம்.
எண்ணெய் தேடிப் போனவர்கள்
நிற்பதற்கே எண்ணெய் எரிக்கிறார்கள்.

பதினோரு மணிக்கு லத்தேரியிலிருந்து
கஜபதியும் தனகோட்டியும் வந்தார்கள்.
அண்ணன் பைக்கில். தம்பி பஸ்ஸில்.
பெஞ்சின் இரண்டு முனை, நடுவில் மூலப்பத்திரம்.
ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்டில் சண்டை இல்லை,
வரப்பு போட்டாகிவிட்டது.
கிணற்றிலும் இல்லை, அதில் குப்பை கொட்டுகிறார்கள்.
சண்டை, இனிமேல் போடப்போகும் போரில்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்தவர்
சரியாக வரப்பின் மேல் வந்ததும்
தேங்காய் எழுந்து நின்றதாம்.
எழுநூறு அடியில் இரண்டு இன்ச் தண்ணீராம்.
ஒருவரும் பார்த்ததில்லை.
“எம்பக்கம் சாஞ்சுதான் நின்னுது” என்றார் அண்ணன்.
தம்பி மேலே ஃபேனைப் பார்த்தார்.

போர் என்று தட்டினேன்.
அழித்து, ஆழ்துளைக் கிணறு என்று தட்டினேன்.

நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்,
அட்சீணி, ஆகாமி, சித்த சாத்தியம்.
பதினாறு வருடமாக ஒரே பொத்தானில் வந்து விழும் வரி.
கண் அதில் நின்றதே இல்லை.
இன்று ஆகாமியில் நின்றது.
இனி வரப்போவது.
அதில் பாதி எவ்வளவு என்று எப்படி எழுத?

ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றேன்.
கரன்ட் யார் பேரில் என்றார் தனகோட்டி.
அப்பா பேரில்தானே இருக்கிறது என்றேன்.
இருவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.
எழுந்து போனார்கள், முத்திரைத்தாள் என் இழுப்பறையில்.

சாயங்காலம் தோட்டப்பாளையம் பஸ்.
பாலாற்றுப் பாலத்தில் ஜன்னல் வழியே மணல் அடித்தது.
பழக்க தோஷம்,
மனசுக்குள் ஒரு பத்திரம் ஓடியது.

ஒரு போர்க்கப்பலுக்குத் தெற்கு,
இன்னொரு போர்க்கப்பலுக்கு வடக்கு,
கிழக்கிலும் மேற்கிலும் தண்ணீர்,
இதன் மத்தியில்
ஆசீர்வாதம் குமாரர் எபநேசர், வயது நாற்பத்தொன்று.
விஸ்தீரணம் தெரியவில்லை. காலியாக விட்டேன்.

விடியற்காலை நாலரைக்கு ஃபோன்.
அவர்தான் என்று பதறி எடுத்தேன்.
தனகோட்டி.
“அண்ணன் ராவோட ராவா வண்டி கொண்டாந்துட்டார்ம்மா.
எண்ணூறு அடி போயாச்சு. வெறும் புழுதி.”
பின்னால் எந்திரம், ஓயாமல்.
“செலவுல பாதி எந்தலையிலங்கிறார்.
அந்தப் பத்திரத்துல
புழுதியைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருந்தீங்களா?”