ஒரு முழு மாதம்

மூன்றாம் தேதி கடிதம் கொடுத்தேன்.
செல்லாது என்றாள் மிஸ் படையாச்சி,
கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.
மாதம் பிறக்குமுன் அவள் கையில் இருக்கணும்,
அப்போதுதான் அந்த மாதம் முழுசாகும்.
இரண்டு நாள் பிந்தியதற்கு
இன்னொரு மாதம் காத்திருந்தேன்.

மைத்துனன் குபேன்
சாட்ஸ்வர்த்தில் பாதி வீடுகளுக்குப் பூட்டு மாட்டியவன்.
"அரை மணி வேலை, அத்தான்.
அவள் வெளியே போனதும் பூட்டை மாத்திடலாம்.
இல்லையா, கரண்டைப் பிடுங்கு. தண்ணியை அடை.
தானாப் போவாள்."
அதையும் வக்கீலிடம் கேட்டேன்.
"தாராளமாகச் செய்யுங்கள்" என்றாள்,
"அடுத்த வாரம் கூண்டில் நீங்கள் நிற்பீர்கள்."

பின்கட்டு அறை. தகரக் கூரை.
ஜேக்கப்ஸில் சட்டை தைக்கும் ஆலை மூடியதிலிருந்து
தண்டேகா மூன்று மாதம் பாக்கி.
கடிதம் வாங்கிய அன்று மாலையும்
துணி காயப்போடக் கிளிப் இரவல் கேட்டாள்.
கொடுத்தேன்.
கொடுக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாதம் முடிந்தது. அவள் போகவில்லை.
பிறகு மனு, முத்திரை,
அவளுக்கு ஒரு பிரதி, நகராட்சிக்கு ஒரு பிரதி,
விசாரணைக்குப் பதினாலு நாள் முன்பே
கையில் சேர்ந்தாக வேண்டுமாம்.
ஒருத்தியை வெளியே அனுப்ப
இத்தனை கதவு திறக்க வேண்டியிருந்தது.

மாஜிஸ்திரேட் என்னிடம் அதிகம் கேட்கவில்லை.
அவளிடம் கேட்டார்:
பிள்ளைக்கு என்ன வயசு?
பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?
எங்கே போவாய்?

எனக்கு நாக்கு வறண்டது.
கேட்டோ மேனரில் அப்பாவுக்கு வந்த காகிதத்திலும்
தேதி இருந்தது, முத்திரை இருந்தது,
அன்றைய சட்டப்படி ஒரு குறையும் இல்லை.
இந்த மூன்றாவது கேள்வி மட்டும்
அதில் இல்லை.

ஆறு வாரம் தந்தார்கள்.
அதற்கும் மேல் இருந்தால் ஷெரிப் வருவார்,
நான் தொடக்கூடாது, ஒரு பாத்திரத்தைக்கூட.
ஷெரிப்புக்கு வேலை வைக்கவில்லை.
இரண்டு நாள் முன்பே
அவள் அண்ணன் பக்கியோடு வந்தான்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் அறையைப் பார்க்கணும்,
அதுவும் விதி.
சுவரில் ஆணித்துளை நாலு.
உடைந்த கண்ணாடி இல்லை.
தரையைக் கழுவி வைத்திருந்தாள்.
"டெபாசிட்டைப் பாக்கியில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றாள்,
"வட்டியோடு."

வட்டியா?

"வங்கியில் போட்டு வைத்திருப்பீர்களே,
போடணும்தானே, அங்கிள்?
அந்தச் சீட்டைக் காட்டுங்கள்."

பையன் பக்கியில் ஏறி உட்கார்ந்து
ஹாரனை அடித்துப் பார்த்தான்.
மழை தூறத் தொடங்கியது.
நான் மேலே பார்த்தேன்:
அவள் கொடுத்த மூவாயிரத்து ஐந்நூறு ரேண்டும்
புதுத் தகரமாக, ஒழுகாமல்,
எங்கள் இருவர் தலைக்கும் மேலே.