ஐம்பது கிராம்

பள்ளி விடுமுறையின் இரண்டாவது ஞாயிறு.
லோரோங் கூலிட்டில் எட்டு மணிக்கே
தரை கொதிக்கத் தொடங்கியிருந்தது.
தார்ப்பாய்களின் மேல்
யார் யார் வீட்டிலிருந்தோ கிளம்பி வந்தவை:
ஒரு வாளி நிறைய ரிமோட்டுகள்,
கடிகாரத்தை விட்டு வந்த வார்கள்,
பூப்பந்து இரட்டையர், இரண்டாம் பரிசு,
பெயர் இருந்த இடம் மட்டும் சுரண்டப்பட்ட கோப்பை.
இடதுகால் சப்பாத்து ஒன்றைத் தூக்கி
ஜோடி எங்கே என்றாள் கஸ்தூரி.
போன வாரம் விற்றுவிட்டதாம்.

நிவாஷினி கண்டெடுத்தது ஒரு ஸ்பிரிங் தராசு.
மேலே வளையம், கீழே கொக்கி,
நடுவே கீறல் விழுந்த வட்ட முகம்.
"இது பொய் சொல்லும்" என்றார் ஆ ஹெங்,
மலாயில் பாதி, விரல்களில் மீதி.
"ஐம்பது கிராம் குறைத்துக் காட்டும்.
அதனால்தான் ஏழு வெள்ளி.
உண்மை பேசுவது நாற்பது வெள்ளி,
அதற்குப் புதுக்கடைக்குப் போ."
பொய்க்கு ஐந்து போதும் என்றாள்
பதினொரு வயது மகள்.
அவர் சிரித்து
பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார்.

வருடம் முழுக்கக் கிள்ளான் துறைமுகத்தில்
லோரிகளை எடைமேடையில் ஏற்றி இறக்குகிறவன் நான்.
அளவு மீறினால் சிவப்பு விளக்கு.
ஓட்டுநர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
எண்ணைத்தான் பார்ப்பார்கள்.
விடுமுறைக்கு வந்த இடத்திலும்
எடை வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

தீவின் முதுகில் ஏறி இறங்கினோம்.
வளைவுகளை எண்ணி வந்த கஸ்தூரி
இருபத்தெட்டோடு நிறுத்திவிட்டுப்
பிளாஸ்டிக் பை கேட்டாள்.
பாலிக் பூலாவ் என்று பலகை சொல்லும் முன்பே
துரியான் சொல்லிவிட்டது,
மூடிய கண்ணாடி வழியாக.

பசாரில் நிவாஷினிக்கு உத்தியோகம் கிடைத்தது.
வாங்கிய பை ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டி
ஐம்பதைக் கூட்டி
கார் நிறுத்தச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள்.
வெண்டைக்காய் சரி.
பெத்தாய்க்குக் கணக்கில்லை, கட்டு விலை.
ஜாதிக்காய்க்காரர் எண்பது கிராம் குறைவு.
என்னைப் பார்த்தாள்.
அவர் முதுகைக் காட்டி நின்று
யாருடனோ கைப்பேசியில்
நாளைக்குத் தந்துவிடுகிறேன், நாளைக்கு
என்று சொல்லிக்கொண்டிருந்தார்.
சிவப்பு விளக்கு எரியவில்லை.
ஏன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

ரொக்கியா அக்காவிடம் ஒரு கிலோ மங்குஸ்தீன்.
"அப்பா, இவங்க கணக்கில் தப்பு,
நூற்றைம்பது கிராம் கூட."
திருப்பிக் கொடுக்க ஓடினாள்.
அந்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை.
புரிந்ததும்
பையை வாங்கி இன்னும் ஒன்றைப் போட்டார்.
பழம் போடும்போது தராசைப் பார்க்கவில்லை,
பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.
"கொசுறுடா" என்றேன்.
"அதை எந்தக் கட்டத்தில் எழுதுறது?"
இத்தனை வருடத்தில்
எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை
அப்படி ஒரு கட்டத்தை.

இரவு, ஜார்ஜ் டவுனில், மூன்றாம் மாடி.
மங்குஸ்தீன் தோலில்
விரல்களெல்லாம் ஊதாக் கறை.
ஜன்னல் கம்பியில் தராசைத் தொங்கவிட்டிருந்தாள்.
ஒன்றும் மாட்டவில்லை.
முள் பூஜ்யத்துக்குப் பின்னால் நின்றது.
"பாவம், சும்மா இருக்கும்போதே
கடன்காரனா நிக்குதுப்பா."

சீப்பை மாட்டினாள், போதவில்லை.
என் கடிகாரம், கூடிவிட்டது.
கஸ்தூரியின் கண்ணாடி,
பாதிப் பிஸ்கட் பொட்டலம்,
எது எதையோ.
கடைசியில்
மரக்கட்டை கோத்த அறைச் சாவி.
முள் நடுங்கி, யோசித்து,
சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு
பேசாமல் இருந்தோம்.
காலை பத்து மணிக்குள்
சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.